பெயர் தெரியாத பெண்டாட்டி

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டேட்டன் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், ஹிக்கரி பூங்காவில், செப்டம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை பாஞ்சோ வாசிப்பது ஒரு காலத்தில் மிகவும் எளிது. தோல் போர்த்திய வட்ட முகம் கொண்ட அந்தத் தந்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு மரத்தடி பார்த்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். கென்டக்கி மலைகளிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு இறங்கி வந்த குடும்பங்கள் அப்படித்தான் நாற்பது வருடம் வாசித்தன. பக்கத்து மரத்தில் யாராவது பிடில் வாசித்தால் கூடச் சேர்ந்துகொண்டார்கள். பிடிக்காவிட்டால் வேறு மரத்துக்குப் போனார்கள்.

பிறகு ஏதோ ஒரு அறக்கட்டளையிலிருந்து இந்த மரத்தடி விழாவுக்கு நிதி வந்தது. நிதி வந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு வந்தது. குழுவைப் பார்த்துக்கொள்ளப் பதினொரு துணைக்குழுக்கள் வந்தன. அவற்றில் மரபுத் தூய்மைத் துணைக்குழு என்று ஒன்று, உடைத் துணைக்குழு என்று ஒன்று, தன்னிச்சைத் துணைக்குழு என்று ஒன்று. கடைசியாகச் சொன்ன துணைக்குழுவின் வேலை, மனதில் பட்ட மாத்திரத்தில் சட்டென்று வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பதினான்கு நாளைக்கு முன்பே அதைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது.

ஹோபர்ட் நேப்பியருக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வயது ஐம்பத்தெட்டு. தன் வண்டிகள், தன் பாஞ்சோ, தன் மனைவி ஒலீட்டா என்று இருந்தவன். விழாவுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. சனிக்கிழமைகளில் அவனுக்குப் பணி இருந்தது. இந்த வருடம்தான் சனிக்கிழமை விடுமுறை கிடைத்தது. அதை அவன் வீட்டில் சொன்ன அன்று ஒலீட்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இந்த வருஷம் மேடையில வாசிக்கறோம்" என்றாள்.

"மேடையா? மரத்தடி போதாதா?"

"முப்பது வருஷமா இந்தச் சமையக்கட்டுல கிட்டார் வாசிக்கிறேன். கேக்கறது நீயும் அந்த ஃபிரிட்ஜும். ஃபிரிட்ஜாவது அப்பப்ப கூடச் சேந்து ம்ம்ங்குது. ஒரே ஒரு தடவ மேடையில நின்னு என் பாட்டப் பாடணும், ஹோபர்ட். அவ்வளவுதான் கேக்கறேன்."

அவளுடைய பாட்டு என்றால் அவளே கட்டிய பாட்டு. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு வாஷிங் மெஷினின் பெல்ட் அறுந்துபோனது. ஹோபர்ட் ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடுகிறேன் என்று மெஷினைக் கழற்றிச் சமையலறைத் தரையில் பரப்பினான். ஆறு வாரம் அது அங்கேயே கிடந்தது. ஒலீட்டா அழுக்குத் துணியைச் சுமந்துகொண்டு ஐந்தாம் தெருவில் இருந்த சலவைக் கடைக்கு நடந்தாள். நடக்கும்போது ஆத்திரத்தில் ஒரு பாட்டு வந்தது.

*பெல்ட்டு அறுந்துபோச்சு, பிரபு கழட்டிப் போட்டாச்சு,*
*கழட்டிப் போட்ட கை இன்னும் பூட்ட வரலியே.*
*ஆத்தங்கரை போறேனே, அழுக்கெல்லாம் சுமக்குறேனே,*
*அவன் சட்டைய அடிக்கையில என் ஆத்திரம் தீரலியே.*

பிரபு என்பது ஹோபர்ட். அந்த ஆறு வாரமும் அவள் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். ஆற்றங்கரை எங்கிருந்து வந்தது என்று அவன் ஒருமுறை கேட்டதற்கு, சலவைக் கடைக்கு எதுகை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அந்தப் பாட்டு பிரமாதமான பாட்டு. கேட்டவர்கள் கால் தானாக ஆடும். அதைக் கேட்டுத்தான் ஹோபர்ட் மெஷினைப் பூட்டினான்.

ஆகவே அவன் விண்ணப்பம் வாங்கப் போனான்.

குழுவின் அலுவலகம் பழைய வங்கிக் கட்டிடத்தில் இருந்தது. வங்கி போய்விட்டாலும் கம்பிக் கவுண்டர் போகவில்லை. அதன் பின்னால் செயலாளர் ஜனீன் புரூயிட் அம்மையார் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பக்க விண்ணப்பத்தைக் கம்பிக்குக் கீழே தள்ளினார்.

"மொதல் பக்கத்துல ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு புளூகிராஸ், ஒண்ணு பழம்பாணி. ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணுங்க."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அம்மையார் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "பாஞ்சோவ மூணு விரலால வாசிச்சா புளூகிராஸ். நகத்தால கீழ்நோக்கி அடிச்சா பழம்பாணி. நீங்க எப்படி?"

"நான் ரெண்டு விரலால வாசிப்பேன். எங்கப்பா அப்படித்தான் வாசிச்சாரு."

அம்மையார் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை, பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை.

"ரெண்டு விரலுக்கு மேடை இல்லையே" என்றார். "இன்னொரு விரல் சேத்துக்க முடியுமா உங்களால?"

"இந்த வயசுலயா?"

"இல்ல, ஒண்ணக் குறைச்சுக்கறீங்களா? குறைச்சா நகம்னு எடுத்துக்கலாம்."

ஹோபர்ட் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பணிமனையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தும் பத்து விரலையும் பத்திரமாக வைத்திருப்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. "வேண்டாங்க" என்றான்.

கடைசியில் அம்மையாரே ஒரு வழி கண்டுபிடித்தார். பழம்பாணிக் கட்டத்தில் டிக் செய்து, பக்கத்தில் "தற்காலிகம்" என்று எழுதி, முத்திரை குத்தினார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மரபுத் தூய்மைத் துணைக்குழுவின் முன்னால் வந்து பாட்டை வாசித்துக் காட்ட வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஒலீட்டாவால் வர முடியாது. அவள் தொடக்கப் பள்ளியின் சமையலறையில் வேலை பார்த்தாள். நானூறு பிள்ளைகள் தின்ற தட்டுகள் அந்த நேரத்தில்தான் கழுவப்படும். "நீ போய் வாசிச்சுக் காட்டிட்டு வா. வேற ஒண்ணும் உளறாத" என்று சொல்லி அனுப்பினாள்.

துணைக்குழுவின் தலைவர் டாக்டர் லேலண்ட் ஃபிட்ச். அவர் இசையில் டாக்டர் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவர் பல் சீரமைப்பு மருத்துவர். முப்பது வருடம் கோணல் பற்களைக் கம்பி கட்டி நேராக்கிவிட்டு ஓய்வு பெற்றவர். நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேருக்கு நடுவில் அமர்ந்திருந்தார். ஹோபர்ட் பாட்டை வாசித்துப் பாடி முடித்தபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"அற்புதம்" என்றார். "மலைக்காத்து அடிக்குது. இந்தப் பாட்ட எங்கேருந்து எடுத்தீங்க?"

"சமையக்கட்டுலேருந்து சார். என் வீட்டுக்காரி கட்டுனது."

மேசையில் ஆறு பேனாக்கள் ஒரே நேரத்தில் கீழே வைக்கப்பட்டன.

"கட்டுனதுன்னா?" என்றார் டாக்டர் ஃபிட்ச். "பழைய பாட்ட எடுத்து மாத்துனாங்களா?"

"இல்ல சார், புதுசா. அவளே."

"மிஸ்டர் நேப்பியர், பழம்பாணி மேடையில பாடற பாட்டுக்கு ஆசிரியர் யாருன்னு தெரியக் கூடாது. விதி ஏழு. தெரிஞ்சா அது மரபு கிடையாது, வெறும் பாட்டு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க மனைவி... காலமாயிட்டாங்களா?"

"இல்ல சார். ஸ்கூல்ல தட்டு கழுவிக்கிட்டு இருக்கா."

துணைக்குழு வருத்தத்தோடு தலையசைத்தது. டாக்டர் ஃபிட்ச் எழுந்து நின்றார். பேசுவதற்கு எழுந்து நிற்பது அவர் வழக்கம்.

"நான் கனெக்டிகட்ல பொறந்தவன். இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. எதுக்கு வந்தேன்? இந்த மக்களோட இசைய இந்த மக்கள்கிட்டேருந்து காப்பாத்தத்தான் வந்தேன். இது யாரோ ஒருத்தரோட சொத்து இல்ல, எல்லாருக்கும் சொந்தம். அதனாலதான் கண்டவங்க கையில குடுக்க முடியல. இன்னிக்கு உங்க மனைவி ஒரு பாட்டு கட்டுவாங்க. நாளைக்குப் பக்கத்து வீட்டம்மா ஒண்ணு கட்டுவாங்க. இப்படி ஆளாளுக்குப் பாட்டு கட்ட ஆரம்பிச்சா நாட்டுப்புற இசை என்னத்துக்கு ஆகும்?"

ஐந்து பேரும் கை தட்டினார்கள். ஹோபர்ட்டுக்கும் கை தட்ட வேண்டுமோ என்று சந்தேகம் வந்தது. பாஞ்சோ மடியில் இருந்ததால் தப்பித்தான்.

அப்போது அந்த ஐவரில் ஒருவரான புரூயிட் அம்மையார்தான் இரக்கப்பட்டார். "டாக்டர், படிவம் பதினாறு இருக்கே" என்றார்.

படிவம் பதினாறு ஒரே வரிதான். *இந்தப் பாடலை இயற்றியவர் யார் என்று எனக்குத் தெரியாது என உறுதி கூறுகிறேன்.* கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"எனக்குத் தெரியுமே" என்றான் ஹோபர்ட்.

"இப்பத் தெரியும்" என்றார் டாக்டர் ஃபிட்ச் அன்பாக. "கையெழுத்துப் போட்டப்புறம் தெரியாது. இது சும்மா கோப்புல கெடக்கப்போற காகிதம். இதப் போட்டா மேடை. போடலன்னா மன்னிக்கணும்."

ஹோபர்ட் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒலீட்டா பள்ளிச் சமையலறையில் ஆறு பெண்களிடமும் சொல்லியாகிவிட்டது. ஆறு பேரும் மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியாகிவிட்டது. மேடைக்கென்று பச்சை நிறத்தில் ஒரு கவுன் வாங்கியாகிவிட்டது. முப்பது வருடத்தில் அவள் அவனிடம் கேட்டது இரண்டே காரியம். மெஷினைப் பூட்டுவது ஒன்று. அதற்கு அவன் ஆறு வாரம் எடுத்துக்கொண்டான்.

அவன் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். ஒலீட்டா ஓடி வந்து, "என்ன சொன்னாங்க?" என்றாள். "அற்புதம்னாங்க. ஒருத்தர் அழுதாரு" என்றான். அதில் பொய் இல்லை. அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? புதன்கிழமை அவள் கவுனை இஸ்திரி போடும்போது சொல்லப் போனான். சூடான இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கிறதே என்று வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை அவள் பாத்திரம் துலக்கும்போது போனான். கையில் கத்தி இருந்தது. ஒலீட்டாவிடம் ஆபத்தில்லாத பொருள் ஏதாவது இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தான். அப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது.

பூங்காவின் வாசலில் உடைத் துணைக்குழு நின்றுகொண்டிருந்தது. ஹோபர்ட் தன் ஒரே கோட்டையும் கழுத்து டையையும் அணிந்து போயிருந்தான்.

"இது சரிப்படாதுங்க" என்றார் அங்கிருந்தவர். "பழம்பாணிக் கலைஞர்னா ஓவரால் போடணும், வைக்கோல் தொப்பி வெக்கணும். மலைக்காட்டு விவசாயி மாதிரி."

"எங்கப்பா மலைக்காட்டு விவசாயிதான். வெளிய வாசிக்கப் போனா கோட்டும் டையும் இல்லாம போக மாட்டாரு. ஓவரால்ல போனா பன்னிக்குத் தீவனம் வெக்கப் போறான்னு சிரிப்பாங்க."

"உங்கப்பாவுக்கு நம்ம வழிகாட்டிக் கையேடு கெடைச்சிருக்காது, பாவம்."

ஹோபர்ட்டுக்கு, மார்பு வரை ஏறித் தோளில் மாட்டும் வேலைக் காற்சட்டையான ஓவரால் ஒன்றும் தொப்பியும் கொடுத்தார்கள். ஓவரால் அவனைவிட நாலு அங்குலம் உயரமான ஒரு விவசாயிக்குத் தைத்தது. ஒலீட்டாவின் பச்சைக் கவுனுக்கு மேலே ஒரு மாவுச் சாக்கைக் கட்டச் சொன்னார்கள். அவள் சாக்கைப் பார்த்தாள், சாக்கைக் கொடுத்தவரைப் பார்த்தாள். அவர் சாக்கை எடுத்து மடித்து வைத்துவிட்டார்.

உள்ளே எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. பூங்காவின் நடுவே கயிறு கட்டி, "தன்னிச்சை மண்டலம்: பிற்பகல் 2.15 முதல் 2.40 வரை" என்று பலகை வைத்திருந்தார்கள். அவர்களுடைய தெருக்காரர் டூயி ஸ்லோன், பருத்த உடம்பும் சின்ன மேண்டலினுமாக அங்கே நின்றிருந்தார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். 2.10க்கே இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். உடனே மஞ்சள் சட்டை அணிந்த ஒருவர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"உங்களுக்கு 2.22க்குத்தான் சட்டுனு தோணணும்" என்று அட்டையைக் காட்டினார்.

"எனக்கு இப்பவே தோணிடுச்சே, தம்பி."

"அடக்கிக்குங்க சார். வயசானவங்களே இப்படிப் பண்ணலாமா?"

டூயி மேண்டலினை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பூங்காவுக்கு அடுத்த வாகன நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார். அது கூரைத் தகடு விற்கும் கடைக்குச் சொந்தமானது. சனிக்கிழமை மதியத்தோடு கடை மூடிவிடும். அங்கே விசிலுக்கு அதிகாரம் இல்லை. அவர் பின்னாலேயே ஒரு பிடிலும் இரண்டு கிட்டாரும் போவதை ஹோபர்ட் பார்த்தான். தானும் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒலீட்டாவின் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அவர்களுடைய முறை. முன் வரிசையில் சமையலறைப் பெண்கள் ஆறு பேரும் கையில் எலுமிச்சைச் சாற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நானூறு பேராவது இருக்கும். ஒலீட்டா கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் ஃபிட்ச் மேடைக்கு வந்தார். அவரும் ஓவரால் அணிந்திருந்தார். கடையிலிருந்து வந்த மடிப்புக்கூடக் கலையாத புத்தம் புது ஓவரால். முழங்காலில் மட்டும், கிழியாத இடத்தில், சிவப்புத் துணியில் ஒரு ஒட்டு.

"நண்பர்களே" என்றார். "இப்ப நீங்க கேக்கப்போறது சாதாரணப் பாட்டு இல்ல. ஏறக்குறைய இருநூத்தெம்பது வருஷப் பழசு."

ஒலீட்டா திரும்பி ஹோபர்ட்டைப் பார்த்தாள். ஹோபர்ட் பாஞ்சோவின் தந்தியை முறுக்கினான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"பாட்டுல 'பிரபு'ன்னு வருது. ஒகையோவுல ஏது பிரபு? ஆக இது ஸ்காட்லாந்துலேருந்து கப்பல்ல வந்த பாட்டு. பெல்ட்டு அறுந்துபோச்சுன்னா என்ன அர்த்தம்? வாள் தொங்கற இடுப்பு வார் அறுந்துபோச்சு. வீரன் போர்ல விழுந்துட்டான். கழட்டிப் போட்டாச்சுங்கறது அவன் கவசத்த. ஆத்தங்கரையில அந்தப் பொண்ணு அவனோட ரத்தம் படிஞ்ச சட்டையத் துவைக்கிறா. பாவம், அந்த விதவை அந்த ஆத்துலயே விழுந்து செத்திருக்கணும்னு எங்க துணைக்குழு நெனைக்குது. அவ பேரு யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் இந்தப் பாட்டோட அழகு!"

கூட்டம் உருகிப்போய்க் கை தட்டியது. முன் வரிசையில் ஆறு பெண்கள் மட்டும் தட்டவில்லை. அவர்களில் ஒருத்தி எலுமிச்சைச் சாற்றைத் துப்பிவிட்டாள்.

ஒலீட்டா மைக்கிடம் குனிந்தாள். "டாக்டர், அந்த விதவை நான்தான். நான் இன்னும் சாகல. அந்தப் பிரபு இதோ நிக்கிறான், தொளதொள ஓவரால்ல. அறுந்தது வாஷிங் மெஷின் பெல்ட்டு."

சிரிப்பு எழுந்தது. டாக்டர் ஃபிட்ச் பொறுமையாகப் புன்னகைத்தார். பல் பிடுங்குவதற்கு முன்னால் புன்னகைப்பவர்களுடைய புன்னகை.

"இது அடிக்கடி நடக்கறதுதான்" என்று கூட்டத்துக்கு விளக்கினார். "பாட்டு இவங்க ரத்தத்துல ஊறிப்போச்சு. அதனால தானே பண்ணுன மாதிரி ஒரு பிரமை. நம்ம இத மதிக்கணும், நம்பக் கூடாது. ஆதாரம் வேணுமா? இதோ, இவங்க கணவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது." ஓவராலின் மார்புப் பையிலிருந்து படிவம் பதினாறை எடுத்து உரக்கப் படித்தார். "'இந்தப் பாடலை இயற்றியவர் யார் என்று எனக்குத் தெரியாது என உறுதி கூறுகிறேன். ஹோபர்ட் நேப்பியர்.'"

நானூறு பேரும் சேர்ந்து "ஊஊ" என்றார்கள்.

ஹோபர்ட் வாழ்க்கையில் பல அமைதிகளைக் கேட்டவன். பிரேக் பிடிக்காத பேருந்துக்குள் விழும் அமைதிகூட அவனுக்குத் தெரியும். இது அதைவிட மோசமாக இருந்தது. ஒலீட்டா மைக்கைக் கழற்றி அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அவள் கோபமாகப் பிடித்திருந்தால் பரவாயில்லை. அவள் கெஞ்சுவதுபோலப் பிடித்தாள்.

"ஹோபர்ட், இது யார் பாட்டு?"

படிவத்தில் கையெழுத்துப் போட்டால் தெரியாமல் போய்விடும் என்று சொன்னார்கள். அவனுக்கு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"உன் பாட்டு" என்றான். குரல் பூங்காவின் அந்தக் கோடி வரை கேட்டது. "நான் பயந்துபோயி பொய்க் கையெழுத்துப் போட்டேன். மேடை கெடைக்காம போயிடுமோன்னு. மெஷினக் கழட்டுனது நான். ஆறு வாரம் பூட்டாமப் போட்டது நான். இந்த ஊர்லயே அந்தப் பாட்டு யாரோடதுன்னு அடிச்சுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஏன்னா, அதுல வாங்கிக் கட்டிக்கிட்டதே நான்தான்."

"ஆறு வாரமாடா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "எங்க வீட்ல நாலு நாளுக்கே கரண்டி பறந்துச்சே!"

டாக்டர் ஃபிட்சுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்படின்னா இது மரபு இல்ல" என்றார். "விதி ஏழு. நிறுத்துங்க. ஒலிய நிறுத்துங்க!"

ஒலி நிறுத்தப்பட்டது. ஆனால் நேர அட்டவணைப்படி 3.11 வரை அந்த மேடையில் வேறு யாரும் ஏற முடியாது. ஆகவே டாக்டர் ஃபிட்ச், புரூயிட் அம்மையார், மஞ்சள் சட்டைக்காரர்கள் எல்லாரும் மேடையைச் சுற்றி நின்று, அது காலியாக இருப்பதைக் காவல் காத்தார்கள். ஒலீட்டா கிட்டாரைக் கழற்றாமலே படியிறங்கினாள். ஆறு பெண்களும் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது வரிசை எழுந்தது. ஹோபர்ட் ஓவரால் தடுக்கி விழாமல் இருக்க அதை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாஞ்சோ முதுகில் இடிக்க, எல்லாருக்கும் கடைசியில் ஓடினான்.

வாகன நிறுத்தத்தில் டூயி ஒரு பழைய லாரியின் பின்பலகையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். ஒலீட்டாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். "எந்தக் கட்டை, ஒலீட்டா?" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அவள் தன் பாட்டைப் பாடினாள். ஒலிபெருக்கி இல்லாமலே பாடினாள். இரண்டாவது தடவை பாடும்போது நானூறு பேரும் கூடச் சேர்ந்தார்கள். மூன்றாவது தடவை அவளுக்கு அடங்கவில்லை. அவள் கண் பூங்காவின் பக்கம் போயிற்று. சட்டென்று, முன்பதிவு ஏதும் இல்லாமல், புதிதாக ஒரு அடி வந்தது.

*புதுத்துணியில ஒட்டுப் போட்டுப் போடுறாரு டாக்டரு,*
*பெத்தவ பேரு தெரிஞ்சா பாட்டு பொய்யிங்கறாரு டாக்டரு.*
*ரெண்டு கட்டம் போட்டாரு, ரெண்டுலயும் நானில்ல,*
*ரெண்டுக்கும் நடுவுல நின்னு பாடுறேங் கேளு டாக்டரு!*

லாரியே குலுங்கியது. டூயி சிரித்ததில் மேண்டலின் தந்தி ஒன்று அறுந்தது. பத்து நிமிடத்தில் அந்த நிறுத்தத்தில் இருந்த ஒவ்வொரு காரின் பக்கத்திலும் ஒரு கூட்டம் அதையே பாடிக்கொண்டிருந்தது. பூங்காவில் மேடை இருந்தது; பலகை இருந்தது; கயிறு இருந்தது. ஆள்தான் இல்லை. வறுத்த மாவுப் பலகாரம் விற்றவர்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

ஹோபர்ட் லாரியிலிருந்து நாலு கார் தள்ளி நின்றான். அவள் கூப்பிடவில்லை. அவனாகப் போகவும் தைரியம் வரவில்லை. அப்போதுதான் டாக்டர் ஃபிட்ச் வருவதைப் பார்த்தான். காலி மேடையைக் காவல் காத்து அலுத்து, சத்தம் வந்த திசையில் அவர் நடந்து வந்திருந்தார். கார்களுக்கு நடுவில் நின்று கேட்டார். கண்கள் மறுபடியும் கலங்கின. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். அறுந்த தந்தியை மாற்றிக்கொண்டிருந்த டூயியிடம் போனார்.

"இது... இந்தப் பாட்டு உண்மையான சரக்கு. யார் இந்த டாக்டரு?"

டூயி அவருடைய முழங்கால் ஒட்டைப் பார்த்தார். "அது அந்தக் காலத்து டாக்டர், சார்."

"குதிரையேறி மலை மலையாப் போன வைத்தியர்!" டாக்டர் ஃபிட்ச் வேகமாக எழுதினார். "ரெண்டு கட்டம்னா சவப்பெட்டிக்கு அளவு எடுத்த கட்டம். ஆகா! காலரா காலம். யார் கட்டுனதுன்னு தெரியுமா?"

டூயி வாயைத் திறப்பதற்குள் ஹோபர்ட் நாலு காரையும் தாண்டி வந்துவிட்டான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "எழுதிக்குங்க சார்."

டாக்டர் ஃபிட்ச் குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேண்டாம். சொல்லாதீங்க!"

"என் வீட்டுக்காரி. பேரு..."

"மிஸ்டர் நேப்பியர், கெஞ்சிக் கேக்கறேன்! நாலு வருஷமா இப்படி ஒரு பாட்டுக்காகத் தேடறேன். கெடுத்துடாதீங்க!" அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, குறிப்பேட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, கார்களுக்கு நடுவே ஓடினார்.

ஹோபர்ட் துரத்தினான். ஐம்பத்தெட்டு வயதில், அளவு பெரிய ஓவராலில், "ஒலீட்டா நேப்பியர்! ஒலீட்டா நேப்பியர்!" என்று கத்திக்கொண்டு துரத்தினான். முதல் சுற்றில் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் அந்த ஆறு பெண்களும் அவனோடு சேர்ந்து கத்தினார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு கிட்டார் அந்தப் பெயருக்குத் தாளம் போட்டது. நாலாவது சுற்றில் நானூறு பேர் "ஒ-லீ-ட்டா நேப்பியர்" என்று கை தட்டிப் பாட, டாக்டர் ஃபிட்ச் பூங்காவின் வேலியைத் தாண்டிக் குதித்து மறைந்தார். சிவப்பு ஒட்டு மட்டும் வேலியில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

ஹோபர்ட் லாரிக்குத் திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது. ஒலீட்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன். காதப் பொத்திக்கிட்டாரு."

"ஊருக்கே கேட்டுச்சு, அது போதும்." பிறகு பின்பலகையில் சற்று நகர்ந்தாள். "ஏறு. இன்னும் கோவம் தீரல, அதுக்கு ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் வாசி."

அவன் இரண்டு விரலால் வாசித்தான். அது புளூகிராஸா, பழம்பாணியா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை குழுவிடமிருந்து முத்திரை குத்திய கடிதம் வந்தது. சமையலறை மேசையில் வைத்து ஒலீட்டா அதை வாய்விட்டுப் படித்தாள். நேப்பியர் தம்பதியரின் பாடல் விதி ஏழின்படி நிராகரிக்கப்படுகிறது. எனினும், அதே நாளில் வாகன நிறுத்தத்தில் கண்டெடுக்கப்பட்ட "டாக்டரு" என்னும் அரிய பழம்பாடல் விழாவின் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. காலம்: காலரா பரவிய ஆண்டுகள். இயற்றியவர்: ஆராய்ச்சியாளர் ஓடிக்கொண்டிருந்தபடியால் விசாரிக்க இயலவில்லை.